தெளிந்த நீர் யாருக்காக? குளிர்நீர்க் கடல்தொட்டி சொல்லித்தரும் அறிவியல்

சூலியா தெருவில் இரவுக் கடைகள் போட்ட பிறகு போய், ஒரு கிளாஸ் தே ஓ ஐஸ் வாங்கி மேசையில் வையுங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் பாருங்க. கிளாஸின் வெளிப்பக்கம் முதலில் மங்கும். பிறகு முத்து முத்தாக வியர்க்கும். அப்புறம் மேசையில் ஈர வட்டம். உள்ளே இருக்கும் தேநீர் கொஞ்சமும் கலங்கவில்லை. ஆனாலும் உங்களால் அதைச் சரியாகப் பார்க்க முடியாது. பினாங்கில் குளிர்ந்த கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றித் தெளிவாகக் காட்ட நினைக்கிற எவருக்கும் முதல் தொல்லை இந்தக் கிளாஸில் இருப்பதுதான்.

ஆசிரியர்களே, இதை ஏன் நம் வகுப்புக்குக் கொண்டு வர வேண்டும் என்று கேட்கலாம். நீராவி குளிர்ந்து நீராவது ஒரு பாடத்தில் வருகிறது. தன்வெப்ப ஏற்புத்திறன் வேறொரு பாடத்தில். நைட்ரஜன் சுழற்சி உயிரியலில், வாயுக்களின் கரைதிறன் வேதியியலில். மாணவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, தனித்தனியாக மறந்தும் விடுகிறார்கள். குளிர்நீர்க் கடல்தொட்டி ஒன்றில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்றைத் தவறவிட்டால் உயிர் போகிறது.

முதலில் சொல் விளக்கம். குளிர்நீர்க் கடல்தொட்டி என்றால் ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்கும் உப்புநீர்த் தொட்டி. பிரிட்டனின் பாறைக் குட்டைகள், கலிபோர்னியாவின் கெல்ப் கடற்பாசிக் காடுகள் போன்ற இடங்களில் வாழும் உயிர்களுக்கானது. நம் பினாங்குக் கடல்நீர் பெரும்பாலும் 28, 30 டிகிரியில் இருக்கும். அப்படியானால் இங்கே குளிர்நீர்த் தொட்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பெரிய கடல் உணவகங்களுக்குள் நுழைந்தவுடன் குளிரூட்டிய கண்ணாடித் தொட்டியில் வெளிநாட்டு லாப்ஸ்டர்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் தினசரி காணக்கூடிய குளிர்நீர்க் கடல்தொட்டி அதுதான்.

வியர்க்கும் கண்ணாடியிலிருந்தே தொடங்குவோம். காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் நீராக மாறத் தொடங்குமோ, அதற்குப் பனிப்புள்ளி என்று பெயர். பினாங்கின் ஈரக் காற்றுக்கு அது பல நாள்களில் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். தொட்டி நீரோ 13 டிகிரி. 10 மில்லிமீட்டர் கண்ணாடி வெப்பத்தைத் தாராளமாகக் கடத்துவதால், அதன் வெளிமுகமும் ஏறக்குறைய உள்ளே இருக்கும் நீரைப் போலவே குளிர்ந்துவிடும். பிறகு வியர்க்காமல் என்ன செய்யும்? துணியால் துடைத்தால் அடுத்த நிமிடமே திரும்ப மங்கும்.

இதற்குத் தீர்வு மூன்று. நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி ஒன்று. தடித்த அக்ரிலிக் இன்னொன்று. அக்ரிலிக் கண்ணாடியைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் வெப்பத்தைக் கடத்தும். மூன்றாவது, தொட்டி இருக்கும் அறையைக் குளிர்சாதன அறையாக்கி, காற்றின் ஈரத்தையே குறைப்பது. திறந்த கடையில் 5 சென்டிமீட்டர் அக்ரிலிக்கூட நம் ஊர் ஈரத்தில் தடுமாறும். அதனால் மூன்றாவதைச் செய்யாமல் முதல் இரண்டை மட்டும் நம்புவது சிரமம்.

இங்கே மாணவர்களை மடக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சாதாரண வெப்பமண்டலக் கடல்தொட்டியில் நாள்தோறும் நீர் ஆவியாகும், உப்பு பின்தங்கும், உவர்ப்பு கூடும். அதனால் நன்னீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடியில்லாத குளிர்நீர்த் தொட்டியில்? பெரும்பாலோர் “கொஞ்சம் மெதுவாக ஆவியாகும்” என்று எழுதுவார்கள். நம் ஊரில் நடப்பது நேர்மாறு. நீர்ப்பரப்பே பனிப்புள்ளிக்குக் கீழே இருப்பதால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். தொட்டிக்குள் நன்னீர் சேரும்; உவர்ப்பு குறையும். மூடி போடுவது தூசிக்காக மட்டுமல்ல.

குளிரூட்டுவதற்கு ஆகும் செலவையும் ஒரு கணக்காகப் போடலாம். 200 லிட்டர் கடல்நீரின் நிறை சுமார் 205 கிலோ. தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 4 கிலோஜூல். 29 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால் 16 டிகிரி வித்தியாசம். 205, 4, 16 மூன்றையும் பெருக்கினால் 13,120 கிலோஜூல். ஒரு கிலோவாட் ஹீட்டர் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடித் தரும் வெப்பத்தை நீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அது முதல் நாளுக்கு மட்டும். அப்புறம் சுவர் வழியாக, காற்று வழியாக, பம்பு மோட்டார் வழியாக உள்ளே வரும் வெப்பத்தை இரவு பகலாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரூட்டியில் நீர் தொடும் குழாய் டைட்டேனியமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. செம்பு உப்புநீரில் அரிக்கும். கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறால், நண்டு, கடற்சாமந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும்.

சரி, கண்ணாடியைத் துடைத்தாயிற்று, நீரும் குளிர்ந்தாயிற்று. இப்போது நீர் கலங்குவதைப் பார்ப்போம். “கலங்கல்” என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். நிறத்தைப் பார்த்தால் காரணம் பிரியும்.

பழுப்பாக, தூசி மிதப்பது போல் இருந்தால் மணல், எச்சம், உணவுத் துணுக்கு. இதற்குப் பஞ்சு வடிகட்டி போதும், அடிக்கடி கழுவினால். ஆனால் குளிர்நீரில் ஒரு சின்னச் சிக்கல். நீர் குளிரக் குளிர அதன் பாகுநிலை, அதாவது ஓடத் தயங்கும் தன்மை, கூடுகிறது. 10 டிகிரிக் கடல்நீர், 30 டிகிரிக் கடல்நீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாகுத்தன்மை உடையது. அதே தூசி, அதே உயரம். ஆனாலும் குளிர்நீரில் கீழே இறங்க அதிக நேரம் எடுக்கும். தானாகத் தெளியட்டும் என்று காத்திருந்தால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே அளவு களிமண் கலந்த நீரை ஊற்றி, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்றதை வெளியிலும் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி, குளிர்ந்ததை மட்டும் மறுபடி உள்ளே வைத்து, எது முதலில் தெளிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது போத்தல் ஒன்றில் இரண்டு தேக்கரண்டி உப்பும் சேர்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும்: உப்பிட்ட களிமண் நீர் விரைவில் தெளியும். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுதலைத் தணிக்க, துகள்கள் ஒட்டிக்கொண்டு கனமாகி இறங்குகின்றன. ஆறு கடலில் சேரும் இடத்தில் சேறு படிவதற்கும் இது ஒரு காரணம்.

“அப்படியானால் பினாங்கு நீரிணை ஏன் சார் கலங்கலாக இருக்கு?” என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்க வேண்டும். சூலியா தெருவின் கடற்பக்க நீட்சியான காட் வழியாக வெல்ட் கீ வரை நடந்து போய் எட்டிப் பார்த்தால் பச்சையும் பழுப்புமான நீர்தான் தெரியும். ஆழம் குறைவு, அடியில் சேறு, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம். படிந்ததை ஓதம் மறுபடி கிளப்பிவிடுகிறது. அதோடு மிதவை உயிரிகளும் நிறைய. அந்தக் கலங்கலில்தான் நம் சார் குவே தியாவில் போடும் கெராங் வளர்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு கொசுறு. கலங்கிய நீரைத் தெளிய வைக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் தேய்த்தார்கள். கலித்தொகையிலேயே இது உவமையாக வந்திருக்கிறது. தெளி, தேறு, தேற்று என்ற சொற்களை நீருக்கும் மனத்துக்கும் சேர்த்தே நாம் பயன்படுத்துவதை மொழிப்பாடத்தில் எடுத்துச் சொல்லலாம். கொட்டையிலிருந்து வரும் கோழை போன்ற பொருள் நுண்துகள்களை ஒட்டவைத்து இறக்குகிறது. ஆனால் மீன்தொட்டியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். குடிநீர்ப் பானைக்கு நல்லது. தொட்டிக்கோ அது அழுகக்கூடிய இன்னொரு பொருள்.

பால் கலந்தது போல் வெண்மையாக மங்கினால் பெரும்பாலும் பாக்டீரியா பெருக்கம். உணவு அதிகம் போட்டிருப்பீர்கள், அல்லது ஏதோ ஓர் உயிர் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும். மருந்து ஊற்றுவதற்கு முன்னால் எல்லா உயிர்களையும் எண்ணுங்கள். பச்சை என்றால் நுண்பாசி: வெளிச்சம் அதிகம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம். புற ஊதா விளக்கு வைத்த குழாய் வழியாக நீரை ஓட்டினால் மிதக்கும் பாசி அழியும். ஆனால் அதை வளர்த்த சத்து நீரிலேயே இருக்கும். மஞ்சள் சாயல் என்றால் கரைந்துபோன கரிமப் பொருள். முன்பக்கமிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. தொட்டியின் நீளவாக்கில் ஒரு முனையில் வெள்ளைத் தாளை ஒட்டி, மறுமுனையிலிருந்து பாருங்க. தாள் பழைய காகிதம் போல் தெரிந்தால் கரியை மாற்ற வேண்டிய நேரம். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கிளர்வூட்டிய கரி இதற்கு அருமையானது.

வெள்ளைப் பொருளை வைத்து நீரின் தெளிவை அளக்கும் இந்த யோசனைக்குப் பழைய வரலாறு உண்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் அது மறைகிறது என்று அளந்தார். செக்கி தட்டு என்று இன்றும் ஏரிகளிலும் கடலிலும் பயன்படுத்துகிறார்கள்.

கடல்தொட்டிக்கென்றே உள்ள கருவி ஒன்று: கடைக்காரர்கள் ஸ்கிம்மர் என்று சொல்லும் நுரை வடிப்பான். ஓர் உயரமான குழாயில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை விடுவார்கள். புரதம் போன்ற மூலக்கூறுகளுக்கு நீரை விரும்பும் பகுதியும் உண்டு, வெறுக்கும் பகுதியும் உண்டு. வெறுக்கும் பகுதி காற்றை நோக்கித் திரும்பி, குமிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே போக, அழுக்கும் மேலே போகும். மேல் கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் நாற்றமடிக்கும் நுரையாகச் சேரும். அழுகுவதற்கு முன்பே வெளியேற்றுவதுதான் இதன் சிறப்பு. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேராமல் சிறிதாகவே இருப்பதால்தான் இது கடல்தொட்டியில் வேலை செய்கிறது. அதே கருவி நன்னீரில் அவ்வளவாகப் பலன் தராது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இவ்வளவையும் செய்து, பளிங்கு போல் நீர் தெளிந்துவிட்டது. உயிர்கள் பிழைக்குமா?

சொல்ல முடியாது. மீன் கழிவிலிருந்தும் அழுகும் உணவிலிருந்தும் வரும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. அதிலிருந்து வரும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. கண்ணாடி போன்ற நீரில் மீன் மூச்சுத் திணறிச் சாகலாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது மணலிலும் பாறையிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள். இந்த வேலையைச் செய்பவை உயிர்கள்தாம் என்பதை செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். உயிர்வினைகள் பொதுவாக 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு வந்துவிடும். அதனால், வெப்பமண்டலத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரத்தில் நிலைகொள்ளும் சுழற்சி, குளிர்நீர்த் தொட்டியில் இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும். அதுவரை நீர் தெளிவாகவே இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்து ஏமாந்துதான் பலர் இரண்டாம் வாரமே உயிர்களை உள்ளே விடுகிறார்கள். கண்ணை நம்பாமல் அம்மோனியா, நைட்ரைட்டு சோதனைக் குப்பிகளை நம்ப வேண்டும். இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை தொட்டி தயாரில்லை.

குளிர் ஒரு சலுகையும் தருகிறது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றில் மின்னூட்டமில்லாத வடிவமே பெரிய நஞ்சு. வெப்பம் குறைந்தால் அதன் பங்கு குறையும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜனும் அதிகம் கரையும்: 10 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 6. இந்தச் சலுகையே ஒரு கண்ணி. நள்ளிரவில் மின்சாரம் போய்க் குளிரூட்டி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று மாணவர்களைப் படிப்படியாக எழுதச் சொல்லுங்கள். நீர் சூடாகிறது. கரையக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. அதே வேளையில் உயிர்களின் வளர்சிதை மாற்றம் கூடி ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. அம்மோனியாவின் நச்சுப் பங்கும் ஏறுகிறது. பம்பும் நின்றிருப்பதால் வடிகட்டியின் நுண்ணுயிரிகளுக்கே மூச்சில்லை. காலையில் வந்து பார்க்கும்போதும் நீர் தெளிவாகவே இருக்கலாம்.

உணவகத் தொட்டி மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? லாப்ஸ்டருக்கு அங்கே உணவு போடுவதில்லை. குளிரில் அதன் உடல் மெதுவாக இயங்குவதால் கழிவும் குறைவு. சில நாள்களில் அது சமையலறைக்குப் போய்விடும். அங்கே தெளிவு என்பது குறுகிய காலக் காட்சி. அதைப் பார்த்து வீட்டில் நிரந்தரத் தொட்டி வைக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

நீண்ட காலம் வைக்க முயன்றவர்கள் என்ன கண்டார்கள்? வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்பவர் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அமைத்த கடல்நீர்க் காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில் இருட்டில் வைத்தார். நீர் இரவும் பகலும் இரண்டுக்கும் நடுவே சுற்றியது. இருட்டில் பாசி வளராது. நிலத்தடியில் நீர் குளிர்ச்சியாக இருக்கும். நீரின் மொத்த அளவு பெரிது என்பதால் கழிவு நீர்த்துப்போகும். மின்சாரக் குளிரூட்டி இல்லாத காலத்து மூளை இது. இன்றும் தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைப்பவர்கள் அவர் வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நம்மவர்களைப் பொறுத்தவரை 1909-இல் மெட்ராஸ் மெரினாவில் கடல்மீன் காட்சிக்கூடம் திறந்தார்கள்; ஆனால் அங்கே காட்டியது வெப்பக் கடலின் மீன்கள் என்பதால் குளிரூட்டும் கவலை எழவில்லை.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா காட்சியகம். 1984-இல் திறந்தது. எட்டு மீட்டருக்கு மேல் உயரமான தொட்டியில் உயிருள்ள கெல்ப் காடு. பக்கத்துக் கடலிலிருந்தே குளிர்ந்த நீரைப் பம்பு செய்கிறார்கள். பகலில் வடிகட்டிய நீர். பார்வையாளர் தெளிவாகப் பார்க்க வேண்டுமே. இரவில், கதவு மூடிய பிறகு, வடிகட்டாத கடல்நீரை அப்படியே விடுகிறார்கள். அதில் வரும் மிதவை உயிரிகளும் நுண்துகள்களும்தான் சிப்பி, கடற்சாமந்தி, பஞ்சுயிரி போன்றவற்றின் உணவு. அவற்றின் குட்டிகளும் அந்த நீரோடு வந்து பாறைகளில் குடியேறுகின்றன.

யோசித்துப் பாருங்க: பகல் நேரத் தெளிவு நமக்கு, இரவு நேரக் கலங்கல் அவற்றுக்கு. முன்னே சொன்ன கெராங் இங்கேதான் பொருந்துகிறது. நீரை வடித்து உண்ணும் உயிருக்கு, ஒரு துகளும் இல்லாத நீர் என்பது காலியான சோற்றுப்பானை. குளிர்நீர்க் கடல்தொட்டிகளில் இப்படிப்பட்ட உயிர்களே அதிகம் என்பதால், நீரை ஓயாமல் வடித்துப் பளபளப்பாக்கினால் அவை மாதக்கணக்கில் மெலிந்து சாகும். வாரத்தில் சில இரவுகள் வடிகட்டியையும் நுரை வடிப்பானையும் இரண்டு மணி நேரம் நிறுத்தி, நுண்ணுணவு விட்டு, பிறகு மறுபடி ஓட்டுவது வீட்டுத் தொட்டிக்காரர்கள் செய்யும் சமரசம். நீரைச் சுழற்றும் பம்பை மட்டும் நிறுத்தக் கூடாது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மாதிரிக் கேள்வி: “தொட்டி நீர் தெளிவாக இருந்தும் மீன்கள் இறந்தன. இரு காரணங்களை விளக்குக.” “நீர் அசுத்தம்” என்று மட்டும் எழுதினால் அது விளக்கம் ஆகாது. தெளிவு என்பது ஒளி தடையின்றிச் செல்வது. தூய்மை என்பது கரைந்துள்ள பொருள்களைப் பற்றியது என்று முதலில் பிரித்துக் காட்டுங்கள். பிறகு, கரைந்த அம்மோனியா ஒளியைத் தடுக்காது, ஆனால் செவுள்களைப் பாதிக்கும் என்று காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவதாக, கரைந்த ஆக்சிஜன் குறைந்தாலும் நீரின் தோற்றம் மாறாது என்று தொடருங்கள். “விளக்குக” என்று வந்தால் “ஏனெனில்” என்ற சொல் உங்கள் விடையில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உணவு குறைவாகவும், மிஞ்சியதைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிடும்படியும் போட வேண்டும். குளிரில் உணவு மெதுவாக அழுகும். அதனால் நாற்றமோ கலங்கலோ வந்து எச்சரிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். புதிய உப்புநீரை ஒரு நாள் முன்பே கரைத்து, கலக்கி, தொட்டியின் வெப்பநிலைக்குக் குளிர்வித்த பிறகே ஊற்ற வேண்டும். எல்லா வடிகட்டிகளையும் ஒரே நாளில் குழாய் நீரில் கழுவினால் நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் நுண்ணுயிரிகள் குளோரினில் செத்துப்போகும்.

பள்ளியில் இப்படி ஒரு தொட்டி வைக்கலாமா என்று கேட்டால், என் கருத்து வேண்டாம் என்பதே. விடுமுறையில் யார் பார்ப்பது, மின்சாரம் போனால் யார் ஓடி வருவது? 13 டிகிரியில் வாழும் உயிரை 30 டிகிரி ஊருக்குக் கொண்டு வந்து அதன் உயிரை ஒரு பிளக்கில் தொங்கவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. களிமண் போத்தல்கள், குளிர்ந்த கிளாஸ், வெள்ளைத் தாள், ஒரு வெப்பமானி போதும்; இந்தப் பாடத்தின் பெரும்பகுதியை நடத்திவிடலாம். கடல் உயிரைக் காட்டியே ஆக வேண்டுமானால், சந்தையில் உயிரோடு விற்கும் கெராங் பத்து வாங்கி, காற்றுக்குழாய் போட்ட உப்புநீர்க் கிண்ணத்தில் விட்டு, கொஞ்சம் ஈஸ்ட் கரைத்து மங்கலாக்குங்கள். பக்கத்தில் கெராங் இல்லாத அதே மங்கல் நீர் ஒரு கிண்ணம். இரண்டின் பின்னாலும் எழுத்து அச்சிட்ட தாள். எந்தக் கிண்ணத்தின் வழியாக எழுத்து முதலில் படிக்க வருகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை குறித்துவரச் சொல்லுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம். கெராங்கை மறுபடி யாரும் சமைக்கவும் வேண்டாம்.